ஒரே கப்பல், ஒரே பாறை, நான்கு ஓவியர்கள்: ஃபோர்ஃபார்ஷயரை வரைந்தவர்கள் கடலைக் கூட்டிச் சொன்னார்களா?

சட்டகம் | வியாழன், இரவு 9:12

இரண்டு வாரமாக, தூங்கப் போகும்முன் ஒரு கப்பல் உடைவதைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். பிரிட்டனின் பொது அருங்காட்சியகங்களில் இருக்கும் எண்ணெய் ஓவியங்களை ஒரே இடத்தில் திரட்டி வைத்திருக்கும் ஆர்ட் யூகே தளத்தில் வேறு எதையோ தேடப் போய், ஃபோர்ஃபார்ஷயர் என்ற நீராவிக் கப்பலிடம் மாட்டிக்கொண்டேன். 1838 செப்டம்பர் 7ஆம் தேதி விடியுமுன், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் ஃபார்ன் தீவுகளில், பிக் ஹார்க்கர் என்ற பாறையில் மோதி உடைந்த கப்பல் அது. விக்டோரியா பட்டத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் காவலர் வில்லியம் டார்லிங்கும் அவருடைய மகள் கிரேஸும் ஒரு சிறு படகில் போய், பாறையில் ஒண்டிக் கிடந்தவர்களை மீட்டார்கள். அப்போது கிரேஸுக்கு வயது 22.

கார்மைக்கேல், பார்க்கர், மஸ்கிரேவ் ஜாய், பிற்காலத்தில் வில்லியம் பெல் ஸ்காட் என்று ஆளாளுக்கு இதை வரைந்திருக்கிறார்கள். இவர்கள் வரைந்தவற்றையும், இவற்றைப் பார்த்துச் செய்த அச்சுப் படங்களையும் வரிசையாகத் திறந்து வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. பெரும்பாலானவற்றில் அலை ஓட்டு வீட்டுக் கூரை உயரம் எழும்புகிறது. படகு அலையின் முதுகில்தான் இருக்கிறது, பள்ளத்தில் இறங்குவதே இல்லை. பெண்ணின் தலைமுடி காற்றில் பறக்கிறது. மேகம் கிழிந்து ஒரு கற்றை வெளிச்சம் சரியாக அவள்மேல் வந்து விழுகிறது. தகப்பனாரைச் சில படங்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கடல் தெரிந்தவர்களும் ஓவியம் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இதில் எவ்வளவு கடல், எவ்வளவு கைச்சரக்கு?

வண்ணக்குழம்பு | வியாழன், இரவு 10:05

முதலில் கார்மைக்கேலுக்காக வாதாட வருகிறேன். ஜேம்ஸ் வில்சன் கார்மைக்கேல் நியூகாசில்காரர், கப்பல் தச்சரின் மகன். சின்ன வயதில் கடலோடிவிட்டு வந்து, கப்பல் கட்டும் இடத்தில் தொழில் பழகிய பிறகுதான் தூரிகையைப் பிடித்தார். கயிறு எங்கே கட்டப்படும், பாய்மரம் முறிந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம் அல்ல, பிழைப்பு. பின்னாளில் கிரிமியப் போரின்போது, 1855இல், பால்டிக் கடலுக்கே போய் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழுக்கு வரைந்து அனுப்பினார். ஹென்றி பெர்லி பார்க்கரோ கள்ளக்கடத்தல்காரர்களை வரைந்து வரைந்து 'ஸ்மக்ளர் பார்க்கர்' என்றே பெயர் வாங்கியவர். இருவரும் சேர்ந்தும் இந்த மீட்பை வரைந்தார்கள். ஆட்கள் பார்க்கருடைய பங்கு, கடல் கார்மைக்கேலுடைய பங்கு.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மடக்கி மூடும் உலோகக் குழாயில் எண்ணெய் வண்ணம் வந்தது 1841இல், ஜான் ராண்ட் காப்புரிமை வாங்கிய பிறகு. 1838இல் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்றார்கள். ஆணியால் ஒரு குத்து குத்திப் பிதுக்க வேண்டும், மீதியை மூடி வைப்பது பெரும்பாடு. அதைத் தூக்கிக்கொண்டு எவரும் பாறைத் தீவில் இறங்கி எண்ணெய் ஓவியம் தீட்டப் போவதில்லை. நேரில் போனவர்கள் பென்சிலும் நீர்வண்ணமுமாகக் குறித்துக்கொண்டு வந்து, அறையில் உட்கார்ந்துதான் ஓவியத் துணியில் ஏற்றியிருப்பார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது புயல் ஓய்ந்துவிட்டது. பாறையும் கலங்கரை விளக்கமும் பெண்ணும் கண்ணால் கண்டவை. அலை, அவர்கள் வேறு நாளில் வேறு இடத்தில் பார்த்துச் சேமித்து வைத்திருந்த அலை.

முட்டுக்கட்டை | வியாழன், இரவு 10:31

அப்படியானால் கேள்விக்கு விடை வந்துவிட்டது. அறைக்குள் செய்த அலை. பத்திரிகைகள் ஊதிவிட்ட கதைக்கு ஓவியர்கள் சட்டம் போட்டார்கள். ஒரு பெண் தன்னந்தனியாகப் புயலில் ஒரு மைல் படகு வலித்தாள் என்பதை நம்ப நான் தயாராக இல்லை.

தாழம்பூ | வெள்ளி, காலை 6:48

தன்னந்தனியாக என்று இந்த இழையில் யாருமே எழுதவில்லையே ஐயா. உங்கள் கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டீர்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கப்பல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து வடக்கே ஸ்காட்லாந்தின் டண்டீக்குப் போய்க்கொண்டிருந்தது. மோதியது விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு. கிரேஸ் தன் அறைச் சன்னல் வழியாக உடைந்த கப்பலைப் பார்த்தது ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். அப்போது ஆட்கள் யாரும் கண்ணில் படவில்லை. வெளிச்சம் வந்து, நீரும் வற்றிய பிறகு, ஏழு மணி வாக்கில்தான் பாறைமேல் உருவங்கள் அசைவது தெரிந்தது. வீட்டில் அன்று இருந்தவர்கள் மூன்றே பேர்: தகப்பன், தாய் தாமசின், கிரேஸ். துணைக்கு வரவேண்டிய தம்பி மீன்பிடிக்கக் கரைக்குப் போயிருந்தான். படகைத் தண்ணீரில் இறக்கத் தாயும் கைகொடுத்தார். தகப்பனும் மகளும் ஆளுக்குத் தண்டு (துடுப்பு) பிடித்துப் போனார்கள்.

பாறையில் உயிரோடு இருந்தவர்கள் ஒன்பது பேர். எட்டு ஆண்கள், ஒரு பெண். திருமதி டாசன் என்ற அந்தப் பெண் தன் இரண்டு குழந்தைகளையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு குழந்தைகளும் அதற்குள் இறந்துபோயிருந்தன. முதல் நடையில் அந்தப் பெண்ணையும் நான்கு ஆண்களையும் ஏற்றிக்கொண்டார்கள். குழந்தைகளைப் பாறையிலேயே விட்டுவரத்தான் முடிந்தது. இரண்டாம் நடைக்குக் கிரேஸ் போகவில்லை. தகப்பனும், மீட்கப்பட்டவர்களில் இரண்டு மாலுமிகளும் போய் மீதி நால்வரைக் கொண்டுவந்தார்கள்.

ஆக அந்தப் பெண் போனது ஒரு முறை, தகப்பனுடன். இதில் நம்ப முடியாதது எது?

கொதிகலன் | வெள்ளி, காலை 8:20

முப்பது ஆண்டு கப்பல் இயந்திர அறையில் வியர்த்தவன் என்ற முறையில் ஒரு முறையீடு. எல்லோரும் அலையைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தக் கப்பலைக் கொன்றது கொதிகலன்.

ஃபோர்ஃபார்ஷயர் 1834இல் டண்டீயில் நீரில் இறக்கப்பட்ட, இரு பக்கமும் துடுப்புச் சக்கரம் வைத்த கப்பல். நான்கே வயது. ஆனாலும் வழியிலேயே கொதிகலன் ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஒழுகும் வெந்நீர் அடுப்பில் விழுந்தால் நெருப்பு அவியும். நெருப்பு அவிந்தால் ஆவி இறங்கும். ஆவி இல்லாமல் சக்கரம் வெறும் பாரம், பாய் விரித்து ஓடும்போது இரு பக்கமும் தண்ணீரைப் பிடித்து இழுக்கும் பாரம். பெர்விக்குக்கு அப்பால் எந்திரம் முற்றிலும் நின்றது. கேப்டன் ஹம்பிள் பாய் விரித்துத் தெற்கே திரும்பினார். தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே உள்ள கால்வாயில் ஒதுங்கலாம் என்று எண்ணி, லாங்ஸ்டோன் விளக்கை உள்தீவின் விளக்கு என்று தவறாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மோதிய கால் மணி நேரத்துக்குள், துடுப்புச் சக்கர அச்சு இருக்கும் இடத்தில் கப்பல் இரண்டாக முறிந்தது. பின்பாதியை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பயணிகளோடு, நீரோட்டம் அப்படியே கொண்டுபோய்விட்டது. முன்பாதி பாறையில் செருகிக்கொண்டது.

இப்போது ஓவியங்களைப் பாருங்கள். பாறையில் சாய்ந்து நிற்பது அந்த முன்பாதிதான். அதை ஒழுங்காக வரைந்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பார்ப்பவர் மனதில் பதிவது என்ன? "அடடா, புயல் கப்பலை உடைத்துவிட்டது." ஒழுகும் தகட்டை எவன் சட்டம் போட்டு மாட்டுவான்!

சட்டகம் | வெள்ளி, காலை 9:02

கொதிகலன் ஐயா, உங்கள் கோபம் நியாயம்தான். பொறி அறையை வரைந்த ஓவியம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. தாழம்பூ அக்கா, குழந்தைகள் விஷயத்தைப் படித்துவிட்டு ஓவியத்தை மறுபடி திறந்தால் கண் அந்த ஒரு மூலையை விட்டு நகர மறுக்கிறது.

அணியம் | வெள்ளி, மதியம் 1:15

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். முட்டத்துக்காரன். அப்பா வள்ளம் வைத்திருந்தார், நான் படித்துக் கரையேறிவிட்டேன்.

"ஒரு மைல் வலித்தாள்" என்பதில் எல்லோரும் நிற்கிறீர்கள். படத்தை வரைந்தவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். வலிப்பது கஷ்டம்தான், ஆனால் இரண்டு பேர் சேர்ந்து வலித்தால் உடம்புக்கு ஒரு தாளம் கிடைத்துவிடும். அன்று காற்று வடக்கிலிருந்து, நம் வாடைக்காற்று மாதிரி. வரைபடத்தைப் பார்த்தேன். நேர்க்கோட்டில் போனால் தூரம் குறைவு, ஆனால் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிடும். அதனால் அவர்கள் தீவுப் பாறைகளின் தெற்குப் பக்கமாக, காற்று மறைவில், சுற்றிப் போயிருக்கிறார்கள். அதனால்தான் ஒரு மைல். கடல் தெரிந்தவர் எடுத்த முடிவு அது.

கஷ்டம் பாறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. காயப்பட்டவர்களையும் அந்தத் தாயையும் ஏற்ற வேண்டும் என்றால் ஒருவர் பாறையில் குதித்தே ஆகவேண்டும். தகப்பன் குதித்தார். படகில் கிரேஸ் மட்டும், கையில் இரண்டு தண்டும். இந்த இடத்தில்தான் அவள் தனி ஆள்.

எனக்குப் பதினாறு வயதில் இது நடந்திருக்கிறது. வலை பாரில், அதாவது கடலுக்குள் இருக்கும் பாறையில், மாட்டிக்கொண்டது. அப்பா தண்ணீரில் குதித்துவிட்டார். "பாரை விட்டு விலகிப் போகாதே, பாரில் இடிக்கவும் விடாதே" என்றார், அவ்வளவுதான். கடல் அன்று ஒன்றும் பெரிய குணம் காட்டவில்லை. ஆனாலும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் எனக்கு மறக்கவே இல்லை. அலை வரும்போது வள்ளம் பாரைப் பார்த்து ஓடும், நீங்கள் பின்னுக்குத் தள்ள வேண்டும். அலை உறிஞ்சித் திரும்பும்போது வள்ளம் வெளியே ஓடும், முன்னுக்கு வலிக்க வேண்டும். அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தை, அலைக்கு நேராக வைத்திருக்க இடது கை ஒரு வேலை, வலது கை எதிர் வேலை. தாளமே கிடையாது. ஒவ்வொரு அலையும் வேறு கணக்கு. நடுவில் ஒரு கண் தண்ணீருக்குள் இருக்கும் ஆளின்மேல் இருக்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்து தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா மேலே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்தப் பெண் இதைப் புயல் அடங்காத வடகடலில், பாறைக்கும் உடைந்த கப்பலின் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் செய்திருக்கிறாள். தலைமுடி பறந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தவரை இந்தப் படங்களில் படகு போய்க்கொண்டே இருக்கிறது. நின்ற இடத்தில் நிறுத்திப் பிடித்திருக்கும் படகை எவரும் வரையவில்லை.

வண்ணக்குழம்பு | வெள்ளி, மதியம் 2:40

அணியம் தம்பி, மாணவர்களுக்கு இருபது ஆண்டாகக் கடல் வரையக் கற்றுக்கொடுக்கிறேன், இதை நான் யோசித்ததே இல்லை. நிறுத்திப் பிடிப்பதை எண்ணெய் வண்ணத்தில் காட்டுவது எப்படி? வேகத்துக்குச் சாய்வு இருக்கிறது, திசை இருக்கிறது. படகை மூலைவிட்டத்தில் சாய்த்தால் ஓடுகிறது என்று கண் நம்பிவிடும். ஒரே இடத்தில் போராடும் படகை வரைந்தால் அது நங்கூரமிட்ட படகு மாதிரித் தெரியும். ஓவியர் திருட்டு வேலை செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய கருவிக்கு அந்த வித்தை கைவராது.

அலையைப் பற்றிச் சட்டகம் கேட்டதற்கும் ஒரு வார்த்தை. திரையில் ஒரு அலையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் பழுப்பு, அதன்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய பச்சைப் பூச்சு. அலையின் உச்சி மெலிந்து வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் அந்தப் பச்சை மஞ்சளாகும். நுரைக்கு ஈயவெள்ளை. அது கெட்டியான வண்ணம், காய்ந்த தூரிகையால் இழுத்துவிட்டால் மேடு மேடாக நிற்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த மேட்டுக்கு நிழல்கூட விழும். நுரை உண்மையிலேயே நம் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது. அலை உயரமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, பார்ப்பவனை எங்கே நிறுத்துகிறார்கள் என்பது. கண் மட்டம் அலையின் இடுப்பளவில் இருக்கிறது. அதாவது நீங்களும் தண்ணீரில் மிதந்துகொண்டு பார்க்கிறீர்கள். ஆறடி அலைகூட அங்கிருந்து பார்த்தால் கூரைதான்.

வடதிசைவாசி | வெள்ளி, இரவு 7:30

நியூகாசிலில் குடியிருக்கிறேன். ஃபார்ன் தீவுகளுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாம்பரோ ஊர் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரச் சொச்சம். பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் கோட்டையைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம். அங்கே தேவாலயத்துக்கு எதிரில் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகம் இருக்கிறது, உயிர்மீட்புப் படகுச் சங்கம் 1938இல், நூற்றாண்டின்போது தொடங்கியது. அந்தப் படகு, அதே படகு, உள்ளே இருக்கிறது.

முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, "இவ்வளவு பெரியதா!" ஓவியங்களில் அது ஓட்டை வாழைமட்டை மாதிரி இருக்கும். உண்மையில் 21 அடி நீளம். கோபிள் என்று அந்தக் கரையோரத்துக்கே உரிய படகு வகை. பலகைமேல் பலகை ஏறி நிற்க ஆணி அடித்திருப்பார்கள். முன்பக்கம் ஆழமாகக் கூர்ந்து நிற்கும், பின்பக்கம் தட்டையாக இருக்கும், மணலில் ஏற்றி இறக்க வசதியாக. வழக்கமாக மூன்று ஆண்கள் வலிக்க வேண்டிய படகு என்று சொல்வார்கள்.

அதாவது ஓவியர்கள் படகைச் சுருக்கிவிட்டார்கள். சுருக்கினால் அலை பெரிதாகும், இரக்கமும் பெரிதாகும். ஆனால் அணியம் சொன்னதைப் படித்த பிறகு எனக்குப் படுவது, படகு பெரியதாக இருப்பதுதான் அந்தப் பெண்ணின் பாட்டைக் கூட்டுகிறது. சின்னப் படகை இரண்டு தண்டால் நிறுத்திப் பிடிக்கலாம். மூன்று ஆள் படகை?

அணியம் | வெள்ளி, இரவு 7:52

அதேதான் அண்ணா. இருபத்தோரு அடி, அதுவும் முன்பக்கம் ஆழம் என்றால், அணியம் காற்றையும் அலையையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். திருப்புவது சுலபம் இல்லை.

முட்டுக்கட்டை | வெள்ளி, இரவு 8:44

சரி, "நம்பத் தயாராக இல்லை" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கட்டை போடாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே இது: அன்று காலை இன்னொரு படகும் புறப்பட்டது. கரையிலிருந்து, நார்த் சண்டர்லாந்து என்ற இடத்திலிருந்து. ஏழு ஆண்கள். உயிர்மீட்புப் படகு அந்தப் பாறைகளுக்கு நடுவே உதவாது என்று முடிவு செய்து, ஒரு மீன்பிடிக் கோபிளை எடுத்துக்கொண்டு, டார்லிங் குடும்பம் போனதைப்போலப் பல மடங்கு தூரம், அதே புயலில் வலித்துப் போனார்கள். தாழம்பூ சொன்ன அந்தத் தம்பியும் அவர்களில் ஒருவன். போய்ச் சேர்ந்தபோது பாறையில் பிணங்கள் மட்டும்தான் இருந்தன. திரும்ப முடியாத அளவுக்குக் கடல் மோசமாகிவிட, கலங்கரை விளக்கத் தீவிலேயே ஒதுங்கினார்கள். வீட்டுக்குள் ஏற்கனவே ஒன்பது பேர். தம்பி வாசலில் வந்து நிற்கும்போது அக்கா முந்திவிட்டிருந்தாள்.

அந்த ஏழு பேரை மையத்தில் வைத்து வரைந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

தாழம்பூ | வெள்ளி, இரவு 9:20

இது நல்ல கட்டை. காட்ட முடியாது. வெறும் கையோடு திரும்பியவர்களை வரைய யார் காசு கொடுப்பார்கள்?

ஆனால் மையத்தில் நின்றதால் கிரேஸுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். தகப்பனுக்கும் மகளுக்கும் வெள்ளிப் பதக்கம் வந்தது. விக்டோரியா 50 பவுண்டு அனுப்பினார். அதற்குப் பின்னாலேயே ஓவியர்கள் வந்தார்கள். பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு முன்னால் அவர் உட்கார வேண்டியிருந்தது. விளக்கைத் துடைத்துத் திரி பார்க்க வேண்டிய வீட்டில், நாள் கணக்கில் அசையாமல் உட்காருவது வேலைக்குக் கேடு. முடிக் கற்றை கேட்டுக் கடிதங்கள். மேடையில் படகுக்குள் உட்கார்ந்து காட்டினால் போதும், பணம் தருகிறோம் என்று லண்டன் நாடகக் கொட்டகையிலிருந்து அழைப்பு. போகவில்லை. 1842 அக்டோபரில் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 26.

இறந்த பிறகும் விடவில்லை. லைஃப்பாய் சோப்பு விளம்பரத்தில் அவர் படம் வந்தது. ஃபோர்ஃபார்ஷயர் ஏற்றிச் சென்ற சரக்கிலும் சோப்பு இருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பதா என்று தெரியவில்லை.

புதுவரவு_23 | சனி, காலை 7:10

தலைப்புக்கு வெளியே கேட்கிறேன், மன்னியுங்கள். தாத்தா வாங்கிய பழைய கடல்புயல் எண்ணெய் ஓவியம் ஒன்று வீட்டில் கறுத்துப்போய்க் கிடந்தது. சட்டம் போடும் கடை ஒன்றில் கொடுத்தேன். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்துச் சுத்தம் செய்து தந்தார்கள். வானம் வெளுத்துவிட்டது, ஆனால் கப்பலின் கயிறுகள் பாதி காணவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

வண்ணக்குழம்பு | சனி, காலை 7:55

ஐயோ. இனி யாரையும் தொடவிடாதீர்கள், அதுதான் முதல் மருந்து. கயிறு, பாய்மரக் கோடு எல்லாம் ஓவியர் கடைசியில் மெல்லிய வண்ணத்தில் போடுவது. ஈரமும் உரசலும் பட்டால் முதலில் போவது அதுதான். கறுப்பாக இருந்தது பெரும்பாலும் மேலே பூசிய வார்னிஷ் பழுத்ததாக இருக்கும். நீலக் கடலைப் பச்சையாகவும், பச்சையைப் பழுப்பாகவும் காட்டுவது அந்த மஞ்சள் வார்னிஷ். அதை எடுக்கப் பயிற்சி பெற்ற ஓவியப் பாதுகாப்பாளர் வேண்டும். முன்னும் பின்னும், சாய்வான வெளிச்சத்திலும் படம் எடுத்துத் தனி இழையில் போடுங்கள், பார்க்கிறேன்.

மட்டுறுத்துநர் | சனி, காலை 8:03

உருளைக்கிழங்கு விவகாரத்துக்குத் தனி இழை தொடங்கப்பட்டுள்ளது. இங்கே கப்பலுக்குத் திரும்புவோம்.

சட்டகம் | சனி, காலை 10:26

நேற்றிரவு வில்லியம் பெல் ஸ்காட்டை மறுபடி பார்த்தேன். நார்த்தம்பர்லாந்தில் வாலிங்டன் என்ற மாளிகையின் நடுக்கூடத்துக்காக, 1857 முதல் 1861 வரை, அந்த மண்ணின் வரலாற்றை எட்டு பெரிய ஓவியங்களாக அவர் தீட்டினார். ரோமானியச் சுவர், பீட் என்ற துறவி, டென்மார்க்கிலிருந்து வந்த கடற்கொள்ளையர், இரும்பும் நிலக்கரியும் என்று போகும் வரிசையில் கிரேஸுக்கும் ஓர் இடம். நடந்து இருபது ஆண்டுகளே ஆன ஒன்று அதற்குள் வரலாறாகிவிட்டது.

இவர் மற்றவர்களைப்போல நம்மைப் படகுப் பக்கம் வைக்கவில்லை. உயிருக்குப் போராடுபவர்களின் பக்கம் வைக்கிறார். மீட்கப்பட வேண்டியவர்கள் முன்னால் பெரிதாக, படகு அப்பால் சிறியதாக. அங்கிருந்து பார்த்தால் படகில் வருவது யார், ஆணா பெண்ணா, முடி பறக்கிறதா என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? வருகிறதா, இல்லையா என்பது மட்டும்தான்.

முட்டுக்கட்டை | சனி, காலை 10:50

இந்த ஒரு ஓவியத்துக்கு என் கட்டையை எடுத்துக்கொள்கிறேன்.

கொதிகலன் | சனி, காலை 11:14

கலங்கரை விளக்கக் காவலர் வில்லியம் டார்லிங்கின் பதிவேட்டில் அன்றைய நாளுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? நான் பார்த்தேன். முதல் சில வரிகளிலேயே கொதிகலன் ஒழுகியது வந்துவிடுகிறது, மகிழ்ச்சி. பிறகு பலத்த வடகாற்று, மூடுபனி, பாறையில் மோதியது, சக்கர அச்சருகே முறிந்தது. 43 பேர் மூழ்கினார்கள். 9 பேர் கப்பலின் படகில் முன்பே தப்பி, மான்ட்ரோஸ் ஊர்க் கப்பல் ஒன்றால் எடுக்கப்பட்டார்கள். 9 பேர் உடைந்த கப்பலைப் பிடித்துக்கொண்டிருந்து, டார்லிங் குடும்பத்தாரால் மீட்கப்பட்டார்கள். பிறகு சரக்குப் பட்டியல்: உயர்ந்த ரகத் துணி, இரும்புச் சாமான், சோப்பு, கொதிகலன் தகடு, நூற்பு இயந்திரப் பாகங்கள்.

மகள் பெயர் இல்லை. "நான்" என்பதும் இல்லை. கொதிகலன் ஒழுகிச் செத்த கப்பல், கொதிகலன் தகடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, அதைக் கவனித்தீர்களா?

தாழம்பூ | சனி, காலை 11:31

"டார்லிங் குடும்பத்தாரால்" என்பதற்குள் படகை இறக்கிவிட்ட அம்மாவும் அடங்கிவிடுகிறார்.

அணியம் | சனி, மதியம் 12:20

வடதிசைவாசி அண்ணா, ஒரு உதவி. அடுத்த முறை அந்த அருங்காட்சியகத்துக்குப் போனால், படகின் விளிம்பில் தண்டு உட்காரும் இடத்தைப் பாருங்கள். முன்னுக்கு மட்டும் வலித்த படகில் தேய்மானம் ஒரு பக்கமாக இருக்கும். பின்னுக்கும் தள்ளிப் பழகிய படகில் இரு பக்கமும் மழுங்கியிருக்கும். ஒரு நாள் வேலையில் தேய்ந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் அந்தக் குடும்பம் எப்படிப் படகு வலித்தது என்று பார்க்க ஆசை.

வடதிசைவாசி | சனி, மதியம் 12:41

நாளை மழை என்கிறார்கள், பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். போய்விட்டு வருகிறேன். எவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்க விடுவார்கள் என்று தெரியாது, கைப்பேசியில் முடிந்தவரை எடுத்து வருகிறேன். இடது, வலது இரண்டு விளிம்பும் வேண்டுமா?

அணியம் | சனி, மதியம் 12:43

இரண்டும் வேண்டும் அண்ணா.